குதிரை மசால் ரகங்கள்: கேள்வி பதில்

மாட்டுத் தீவனத்துக்காகப் பல ஆண்டுகள் நிற்கவிட்டு அறுக்கும் குதிரை மசாலின் (லூசர்ன், அல்ஃபால்ஃபா) ரகங்களை ஒப்பிடுவது பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், அதிக விளைச்சல் தரும் ரகம் எது?

ஒரு பெயரைச் சொன்னால் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு அது தவறாகத்தான் இருக்கும். முதலில் உறக்க எண்ணைப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் பகல் குறுகி, குளிர் ஏறும்போது செடி தன் வளர்ச்சியை எவ்வளவு அடக்கிக்கொள்கிறது என்பதை 1 முதல் 11 வரை எண்ணால் குறிப்பார்கள். 1, 2 என்றால் சீக்கிரமே உறங்கிவிடும். 9, 10 என்றால் உறக்கம் கிடையாது. அறுத்ததும் விறுவிறுவென்று தழைக்கும், அறுப்புகளும் கூடும். குளிர் அதிகமில்லாத இடத்தில் உறங்கும் ரகத்தை விதைத்தால் நல்ல மாதங்கள் வீணாகும். மண் உறையும் இடத்தில் உறங்காத ரகத்தை விதைத்தால் அடுத்த வசந்தத்தில் வயலில் சொட்டைதான் மிஞ்சும். குளிர் தாங்கும் திறனுக்குத் தனி மதிப்பெண் உண்டு. அதையும் உறக்க எண்ணையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

கேள்வி: ஒரு சோதனை அட்டவணையில் முதல் ரகம் ஹெக்டேருக்கு 14.2 டன், ஐந்தாவது 13.7 டன். முதலாவதையே வாங்கிவிடலாமா?

அட்டவணையின் அடியில் சி.டி. என்றோ எல்.எஸ்.டி. என்றோ ஒரு எண் இருக்கும். இரண்டு ரகங்களுக்கு இடையே குறைந்தது அவ்வளவு வித்தியாசம் இருந்தால்தான் அதை நம்பலாம் என்று பொருள். அது 0.8 என்று வையுங்கள். அப்படியானால் உங்கள் அரை டன் வித்தியாசம் ரகத்தால்தான் வந்தது என்று சொல்ல முடியாது; மண்ணின் ஏற்ற இறக்கமே அந்த அளவுக்குக் காட்டும். முதல் ஐந்து ரகங்களும் உங்களுக்கு ஒன்றுதான். விலை, நோய் எதிர்ப்பு, விதை கிடைக்கும் வசதி ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று. விதைத்த ஆண்டின் விளைச்சலை வைத்து எந்த ரகத்தையும் எடைபோடாதீர்கள். செடி அப்போதுதான் வேரை இறக்கிக்கொண்டிருக்கும். மூன்றாம் ஆண்டில் எத்தனை செடி உயிரோடு நிற்கிறது என்பதில்தான் ரகத்தின் குணம் தெரியும். பல சோதனைகளில் 'வெர்னல்' என்ற பழைய ரகத்தை ஒப்பீட்டுக்கு வைத்து, மற்றவற்றை அதன் விழுக்காடாகச் சொல்வார்கள். 1953இல் வந்த ரகம் அது. அதைவிடச் சில விழுக்காடு கூடுதல் என்பது ஒரு புது ரகத்துக்குப் பெருமை இல்லை.

கேள்வி: இரண்டு ரகங்களின் ஆய்வகச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. ஒன்றில் புரதம் 22%, மற்றதில் 17%. இவ்வளவு வித்தியாசம் வருமா?

இரண்டையும் ஒரே நாளில், ஒரே பருவத்தில் அறுத்தார்களா? அதைக் கேட்காமல் இந்த எண்களை ஒப்பிடவே கூடாது. மொட்டுப் பருவத்தில் 20%க்கு மேல் புரதம் காட்டும் அதே செடி, முழுதாகப் பூத்ததும் 16%க்கு இறங்கிவிடும். தண்டு நீண்டு முற்றுவதுதான் காரணம். இலையில் உள்ள புரதம் தண்டில் உள்ளதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ரகத்தால் வரும் வித்தியாசம் பெரும்பாலும் இதில் ஒரு சிறு பங்குதான். ஒரு வாரம் தள்ளி அறுத்தால் நல்ல ரகமும் மட்டமாகத் தெரியும்.

புரதத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் நார்ச்சத்து எண்களையும் பாருங்கள். என்.டி.எஃப். (மொத்த நார்) கூடினால் மாடு தின்னும் அளவு குறையும், ஏ.டி.எஃப். (அதில் எளிதில் செரிக்காத கடின நார்) கூடினால் செரிப்பது குறையும். இரண்டையும் சேர்த்து ஒப்பீட்டுத் தீவன மதிப்பு என்று கணக்கிடுவார்கள். ஏ.டி.எஃப். 41, என்.டி.எஃப். 53 என்றால் மதிப்பு 100. அவையே 30, 40 என்று இறங்கினால் மதிப்பு 152 ஆகிறது.

கேள்வி: அப்படியானால் விளைச்சலா, தரமா?

பெருக்கிப் பாருங்கள். 12 டன்னில் 18% புரதம் என்றால் 2.16 டன். 10.5 டன்னில் 21% என்றால் 2.2 டன். குறைவாக விளைந்ததுதான் கொஞ்சம் முந்துகிறது. அறுக்கவும் சுமக்கவும் செலவும் குறைவு. கறவை மாட்டுக்கு இரண்டாவதை எடுப்பேன். பால் வற்றிய மாட்டுக்கு அவ்வளவு தரம் தேவையில்லை.

கேள்வி: ஓர் இலையில் மூன்று சிற்றிலைக்குப் பதில் ஐந்து, ஏழு சிற்றிலை விடும் ரகம் உயர்ந்ததா?

பார்க்க அழகு. சிற்றிலை எண்ணிக்கை கூடினால் இலையின் எடையும் கூடும் என்று எப்போதும் சொல்ல முடியாது. ஆய்வக எண்ணைக் கேளுங்கள்.

கேள்வி: நோய் எதிர்ப்பில் 'ஆர்' என்று போட்ட ரகத்தை வாங்கியும் வேரழுகலில் செடிகள் செத்தன. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்று இல்லை, அந்த எழுத்தின் பொருளே வேறு. குதிரை மசால் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒரே மூட்டை விதையில் செடிக்குச் செடி குணம் மாறும். 'ஆர்' என்றால் நூற்றில் 31 முதல் 50 செடிகள் வரை எதிர்த்து நிற்கும் என்று அர்த்தம். 'எச்.ஆர்.' என்றால்தான் பாதிக்கு மேல். நீர் தேங்கும் வயலில் எச்.ஆர். ரகம்கூடத் தோற்கும், முதலில் வடிகாலைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: பழைய வயலில் செடி அடர்த்தி குறைந்துவிட்டது. புது ரக விதையை அங்கேயே தூவினேன், முளைத்தும் தேறவில்லை. ரகம் மோசமா?

ரகத்தைக் குறை சொல்லாதீர்கள். வளர்ந்த குதிரை மசால் செடிகள், தம் இனத்து நாற்றுகளின் வேரையே முடக்கும் பொருள்களை மண்ணில் விடுகின்றன. எந்த ரகத்தைத் தூவினாலும் இதே கதைதான். பழையதை உழுதுவிட்டு, ஓராண்டாவது தானியமோ புல்லோ போட்டு, பிறகு விதையுங்கள்.

கேள்வி: லிக்னின் (தண்டை விறைப்பாக்கும், மாட்டுக்குச் செரிக்காத பொருள்) குறைந்த ரகங்களுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

மழையாலோ ஆள் கிடைக்காமலோ அறுப்பு அடிக்கடி தள்ளிப்போகிறவர்களுக்குப் பயன்படும். சில நாள் தாமதித்தாலும் செரிமானம் அவ்வளவாக விழாது. மொட்டிலேயே தவறாமல் அறுப்பவருக்கு அந்தக் கூடுதல் விலை திரும்ப வருவது கடினம். காய்ந்தபின் வெயிலில் புரட்டி இலையை உதிரவிடுகிறவர்களுக்கோ எந்த ரகமும் உதவாது. கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, காலைப் பனியோடு புரட்டுங்கள்.