அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்: மகள் எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடங்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 46 வயது. ஈரோட்டில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை பத்து முதல் மாலை ஏழு வரை நாற்காலிதான். உயரம் 156 செ.மீ., எடை 71 கிலோ. அம்மாவுக்கு 61 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, இப்போது தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கும் வந்துவிடக் கூடாது என்று சர்க்கரை, பால், மைதா மூன்றையும் அடியோடு விடச் சொல்கிறார் நாத்தனார். முள்ளுச்சீத்தா இலைக் கஷாயப் பொடியும் மஞ்சள் மாத்திரையும் எங்கள் இருவருக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். தினமும் 20 நிமிடம் நடக்கிறேன், இது போதுமா? ஞாயிற்றுக்கிழமை மட்டன் சாப்பிடலாமா? மாமியார் புகையிலை சேர்க்காமல் வெற்றிலை பாக்கு போடுகிறார். அதில் கெடுதல் இல்லையே?

பதில்: முதலில் பரம்பரை பற்றிய பயம். 2001-இல் 52 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த பெரிய அலசல் ஒன்று வெளியானது. தாய், சகோதரி, மகள் ஆகியோரில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தால், மற்ற பெண்களைவிட ஆபத்து சுமார் 1.8 மடங்கு என்று அது கணக்கிட்டது. அதே அலசலில் இன்னொரு தகவலும் உண்டு: இந்த நோய் வந்த பெண்களில் ஒன்பதில் எட்டுப் பேருக்கு, அப்படி நெருங்கிய உறவில் யாருக்கும் நோய் இருந்ததில்லை. உங்கள் அம்மாவுக்கு மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழித்தே நோய் வந்திருக்கிறது. அவருக்கு 50 வயதுக்குள் வந்திருந்தாலோ, இரண்டு மார்பகங்களிலும் வந்திருந்தாலோ, குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோயோ, ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோயோ இருந்தாலோ மரபணுப் பரிசோதனை பற்றி உடனே பேசச் சொல்லியிருப்பேன். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. ஆனால் உங்கள் வயதுக்கு மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எப்போது, எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பதை அம்மாவின் மருத்துவரிடமே இந்த மாதம் கேட்டுவிடுங்கள். நான் கீழே எழுதப்போகும் எதுவும் அந்தப் பரிசோதனைக்கு மாற்று ஆகாது. தினமும் ஓடுபவருக்கும் கட்டி வரலாம்.

இனி உணவு. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தவை 156, 71 என்ற இரண்டு எண்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. உங்களுக்கு 29-ஐத் தாண்டுகிறது. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்பது இங்குள்ள மருத்துவர்கள் பின்பற்றும் அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பிரான்ஸின் லியோன் நகரில் இருக்கிறது. உடலில் சேரும் மிகைக் கொழுப்பு 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது என்று 2016-இல் அது முடிவுக்கு வந்தது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்றுநோய் அதில் ஒன்று. கருப்பை, பெருங்குடல், கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு.

கொழுப்புக்கும் மார்பகத்துக்கும் என்ன சம்பந்தம்? அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். லெட்ரசோல் அல்லது அனஸ்ட்ரசோல் என்று இருந்தால் பதில் அதிலேயே இருக்கிறது. மாதவிடாய் நின்றபின் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. அதன்பின் உடலுக்கு ஈஸ்ட்ரோஜன் கிடைக்கும் முக்கிய இடம் கொழுப்புத் திசுதான். அங்கே அரோமட்டேஸ் என்ற நொதி வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு வளர்பவை. அந்த வகை மாத்திரை இந்த நொதியைத்தான் முடக்குகிறது. கொழுப்பு கூடக் கூட அந்த நொதியும் கூடுகிறது; இன்சுலினும் ஏறுகிறது; உடலில் மெல்லிய அழற்சி நிரந்தரமாகிறது. மாதவிடாய் நிற்பதற்கு முன் கணக்கு இப்படி இல்லை. அதனால்தான் அந்தத் திருப்பத்தை நெருங்கும் உங்கள் வயதில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சர்க்கரைக்கு வருகிறேன். "சர்க்கரை புற்றுநோய்ச் செல்லுக்குத் தீனி" என்ற பேச்சின் வேர், ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன் கண்ட ஓர் உண்மை. புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை அதிகமாக உறிஞ்சும். உடலில் புற்றுநோய் எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் வேலை செய்வதே அந்தக் குணத்தை வைத்துத்தான். ஆனால் நீங்கள் சர்க்கரையை விட்டாலும் சோற்றிலிருந்தும் இட்லியிலிருந்தும் குளுக்கோஸ் வரும். பட்டினி கிடந்தால் கல்லீரலே அதைத் தயாரித்து ரத்தத்தில் விடும். ஒரு செல்லுக்கு மட்டும் குளுக்கோஸ் போகாமல் தடுக்க எந்தப் பத்தியத்தாலும் முடியாது.

அப்படியானால் சர்க்கரை சாதுவா? இல்லை, அது எடை வழியாக வந்து சேர்கிறது. அலுவலகத்தில் ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்று வையுங்கள். ஒரு ஸ்பூன் 5 கிராம் என்றால் 50 கிராம் ஆயிற்று, 200 கலோரி. நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் உச்சவரம்பே சுமார் 50 கிராம்தான். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. டீயிலேயே அந்த வரம்பு முடிந்துவிடுகிறது. கூடவே வரும் பிஸ்கட், முறுக்கு, யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்த மைசூர்பாகு எல்லாம் அதற்கு மேல். டீயை இரண்டாகக் குறைத்து, சர்க்கரையை அரை ஸ்பூனாக்குங்கள். தீபாவளிக்கு ஓர் அதிரசம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

பாலை நிறுத்த வேண்டாம். பால் பொருட்கள் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்பதே இதுவரையான சான்று. மைதா நேரடியாகப் புற்றுநோய் தருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதில் நார்ச்சத்து அநேகமாக இல்லை. பரோட்டா ஒன்றோடு நிற்பதும் இல்லை.

நம் வீட்டுத் தட்டில் உள்ள சிக்கல் வேறு. சோறு மலையாக இருக்கிறது, பொரியல் ஓர் ஓரத்தில் ஊறுகாய் அளவுக்கு இருக்கிறது. அதை மாற்றுங்கள்: பாதித் தட்டு கீரையும் காயும், கால் பங்கு பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறு. முழுத் தானியமும் நார்ச்சத்தும் பெருங்குடலைக் காக்கின்றன என்பதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. கேழ்வரகு, கம்பு, தட்டைப்பயறு, கொள்ளு என்று கொங்கு வட்டாரத்துக்குப் பழகிய பண்டங்களே போதும். வெளிநாட்டு விதைகளைத் தேடி அலைய வேண்டாம்.

மட்டன் விஷயத்தில் ஓர் எண் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. 2015-இல் அதே லியோன் முகமை, பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றுக்கான, புகையிலை இருக்கும் முதல் வகுப்பிலும், ஆடு, மாடு, பன்றி இறைச்சியை அதற்கு அடுத்த வகுப்பிலும் வைத்தது. தினம் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றது. நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று இதைப் படித்தவர்கள் பலர். பொருள் அதுவல்ல. மேலை நாடுகளில் வாழ்நாளில் நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு அந்த நோய் வருகிறது என்றால், தினமும் அப்படிச் சாப்பிடும் நூறு பேரில் அது ஆறாகும். இந்தியாவில் அடிப்படை எண்ணிக்கையே அதைவிடக் குறைவு. மேலும், வகுப்பு என்பது சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. கெடுதலின் அளவைச் சொல்வதில்லை. சாசேஜும் சிகரெட்டும் ஒரே வகுப்பில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு கொல்லும் என்று ஆகாது.

சமைத்த சிவப்பு இறைச்சி வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கலாம் என்பது பொதுவான அறிவுரை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு அதற்குள் அடங்கிவிடும். சாசேஜ், சலாமி ஆகியவற்றை எப்போதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், தினம் கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காது என்பவர்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவேன். உப்பிட்டுப் பதப்படுத்திய உணவுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு. தமிழ்நாட்டு ஆண்களிடம் அது அரிதான நோய் அல்ல.

மாமியாரின் வெற்றிலைக்கு மட்டும் இவ்வளவு நிதானமாகப் பதில் சொல்ல முடியாது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய்க் காரணி. 2004 முதல் அது முதல் வகுப்பில் இருக்கிறது. தாம்பூலம் மங்கலம்தான், வாய்க்கு அது மங்கலம் செய்வதில்லை. வாயை முழுதாகத் திறக்க முடியாமல் தாடை இறுகினாலோ, காரம் பட்டால் எரிந்தாலோ, வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனை இலவசம். மதுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. வீட்டில் குடிப்பவர் இருந்தால் அவர் காதில் போட்டுவையுங்கள்: மது 1988 முதல் முதல் வகுப்பில் இருக்கிறது, பீரும் ஒயினும் அதில் சேர்த்தி.

இப்போது நடை. நாளுக்கு 20 நிமிடம் என்றால் வாரத்துக்கு 140. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். கூடவே இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. எண்ணிக்கையில் பத்து நிமிடம்தான் குறை. வேகம் எப்படி என்பதே கேள்வி. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பக்கத்தில் வருபவரிடம் சீரியல் கதையை மூச்சு வாங்காமல் முழுதாகச் சொல்லிவிட முடிந்தால் அது உலாத்தல்.

2016-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக 14.4 லட்சம் பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். 26 வகைப் புற்றுநோய்களில் 13 வகை, உடலுழைப்பு அதிகம் உள்ளவர்களிடம் குறைவாக இருந்தன: மார்பகத்தில் 10 சதவீதம், பெருங்குடலில் 16 சதவீதம். பருமனாக இருப்பவர்களுக்கும் அதில் பெரும்பாலான பலன் தெரிந்தது. ஆகவே தராசு முள் அசையவில்லையே என்று நடையை விட்டுவிடாதீர்கள். அரை மணி நேர நடை உங்கள் எடைக்குச் சுமார் 120 கலோரிதான் எரிக்கும்; சர்க்கரை போட்ட ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் அதைத் திருப்பித் தந்துவிடும். எடை குறைவது பெரும்பாலும் தட்டில். நடை செய்வது இன்சுலினையும் ஈஸ்ட்ரோஜனையும் அழற்சியையும் இறக்கும் வேலை. இத்தகைய ஆய்வுகள் நடப்பவர்களையும் நடக்காதவர்களையும் ஒப்பிடுபவை என்பதையும் நினைவில் வையுங்கள். நடப்பவர்கள் பொதுவாக வேறு நல்ல பழக்கங்களும் உடையவர்கள். அதைக் கணக்கில் முழுதாகக் கழித்துவிட முடியாது.

நேரம் இல்லை என்பவர்களுக்கு 2023-இல் ஒரு நல்ல செய்தி வந்தது. பிரிட்டனில் உடற்பயிற்சியே செய்யாத 22,000-க்கும் மேற்பட்டவர்களின் கையில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி, பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மாடிப்படியை வேகமாக ஏறுவது, பையைத் தூக்கிக்கொண்டு விரைவது என்று ஒரு நிமிடம், இரண்டு நிமிடமாக நாள் முழுவதும் சேர்த்து மூன்றரை நிமிடம் மூச்சிரைக்க உழைத்தவர்களிடமே புற்றுநோய் 17, 18 சதவீதம் குறைவாக இருந்தது. உங்கள் அலுவலகத்தில் மாடி இருந்தால் லிஃப்டை மறந்துவிடுங்கள்.

கஷாயப் பொடியையும் மாத்திரையையும் எடுத்து வையுங்கள். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மஞ்சளின் சத்தான குர்குமினைச் செறிவூட்டிய மாத்திரை வேறு. பின்னதால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. அம்மாவின் மாத்திரை தமாக்சிபென் என்றால் இன்னும் கவனம் தேவை. குர்குமினையும் மிளகுச் சத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, அந்த மருந்தின் செயல்படும் வடிவம் ரத்தத்தில் குறைந்ததை நெதர்லாந்தில் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. முள்ளுச்சீத்தாவில் நரம்பு செல்களைப் பாதிக்கும் அன்னோனாசின் என்ற பொருள் இருக்கிறது. பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் உட்கொள்ளும் கரீபியன் தீவான குவாதலூப்பில், பார்க்கின்சன் போன்ற நோயோடு அதைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். சோதனைக் குழாயில் செல்லைக் கொன்றது என்பது மனிதரிடம் மருந்தாவதற்கு நெடுந்தூரம் முன்னால் இருக்கும் செய்தி. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களிடம் நடந்த சோதனையில், நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் அந்த நோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. கேரட் வாங்குங்கள், அதன் சத்தை அடைத்த மாத்திரை வேண்டாம். நாத்தனாரிடம் "மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார், அண்ணி" என்று என் பெயரில் பழியைப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக அம்மா. சிகிச்சை முடிந்தவர் படுத்தே இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ முடித்த 889 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்று ஆண்டுகள் வழிகாட்டியோடு உடற்பயிற்சி கொடுத்த ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. ஐந்து ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் உடற்பயிற்சிப் பிரிவில் 80 சதவீதம், மற்றதில் 74. மார்பகத்துக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் சும்மா இருப்பதே பாதுகாப்பு என்ற வாதத்துக்கு இனி இடமில்லை.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால், கை வீங்கிவிடும் என்று பயந்து "அந்தக் கையால் குடம் தூக்காதே" என்று சொல்லியிருப்பார்கள். கையில் நிணநீர் வீக்கம் இருந்த 141 பெண்களிடம் 2009-இல் வெளியான ஆய்வு, சிறிய எடையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிய எடைப் பயிற்சி வீக்கத்தை அதிகப்படுத்தவில்லை என்று காட்டியது. வீக்கம் திடீரெனக் கிளம்பும் தொல்லை அவர்களிடம் குறைந்தும் இருந்தது. அம்மா பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் முறையைக் கற்றுக்கொண்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலிலிருந்து தொடங்கட்டும். வளையல் இறுகினாலோ, கை கனத்தாலோ, சிவந்து சூடானாலோ அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஹார்மோன் மாத்திரையால் மூட்டு வலிக்கிறது என்று சொன்னால் அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாலை நடையில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வலி தணிய அதுவும் உதவும்.