பெயரில்லாக் கடல்திட்டில் முக்குளிக்கும் முன்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடலோர ஊரான போர்ட் ஷெப்ஸ்டோனுக்குத் தெற்கே, கரையிலிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் தொலைவில், மீன்பிடிப்பவர்கள் மட்டும் அறிந்த ஒரு பாறைத்திட்டு இருக்கிறது. என் தாய்மாமா பல ஆண்டுகளாகத் தம் படகில் அங்கே போய்த் தூண்டில் போட்டு வருகிறார். அவருடைய எதிரொலிக் கருவியில் திட்டின் உச்சி 28 மீட்டரிலும் அடிவாரம் 36 மீட்டரிலும் தெரிகிறது. நானும் என் தம்பியும் 30 மீட்டர் வரை இறங்கச் சான்றிதழ் பெற்றவர்கள். அலிவால் ஷோல் என்னும் பாறைத்திட்டில் பலமுறை முக்குளித்திருக்கிறோம். மாமாவின் படகிலேயே போய் அந்தத் திட்டைப் பார்த்துவர விரும்புகிறோம். எப்படித் திட்டமிடுவது? — வாசகர், போர்ட் ஷெப்ஸ்டோன்

பதில்: உங்கள் அலிவால் அனுபவம் நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் அங்கே நீரோட்டத்தைப் பார்ப்பதும், எந்த இடத்தில் இறங்குவது என்று முடிவு செய்வதும், மேலே வந்தவர்களைத் தேடி எடுப்பதும் அந்த இடத்திலேயே அன்றாடம் தொழில் செய்பவர்களின் பொறுப்பாக இருந்திருக்கும். மாமாவின் திட்டில் அந்த மூன்று பொறுப்புகளும் உங்கள் தலையில் விழுகின்றன. ஆகவே, கீழே என்ன இருக்கும் என்ற ஆவலைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, மேலே படகில் யார் இருப்பார், நீங்கள் எழும்பி வரும்போது அவர் உங்களை எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

திட்டின் இருப்பிடத்தைக் கடல் வரைபடத்தில் குறித்து, அது கடல் பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2019ஆம் ஆண்டில் நம் தென்கரையின் புரோட்டியா பேங்க்ஸ் என்னும் பாறைத்திட்டு பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2004 முதல் பாதுகாக்கப்பட்டு வந்த அலிவால் ஷோல் பகுதியும் அதே ஆண்டில் விரிவாக்கப்பட்டது. எல்லைக்குள் வந்தால் முக்குளிக்க அனுமதிச் சீட்டு வேண்டும்; மண்டலத்துக்கு மண்டலம் விதிகளும் மாறும்.

இனி நீரோட்டம். நம் தென்கரையில் கண்டத்திட்டு மிகக் குறுகலாக இருப்பதால், அகுல்யாஸ் நீரோட்டம் கரைக்கு அருகிலேயே தென்மேற்கு நோக்கி ஓடுகிறது. அதன் மையப் பகுதியில் வேகம் நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டுவதுண்டு. கரையோரத்தில் சில நாள்களில் அதற்கு எதிர்த்திசையில், வடக்கு நோக்கியும் தண்ணீர் ஓடும். அதனால் நேற்றைய நிலையை நம்பி இன்று இறங்கக் கூடாது. இந்த இடத்தில் மாமாவின் அனுபவம் எந்தக் கருவியையும்விட மதிப்பு வாய்ந்தது: எந்த மாதத்தில் எவ்வளவு கனமான ஈயம் கட்டினால் தூண்டில் அடி தொடுகிறது, கயிறு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் நாளன்று, நீளக் கயிற்றில் எடை கட்டிய மிதவை ஒன்றைத் திட்டின் உச்சியில் போட்டுப் பாருங்கள். மிதவை நிமிர்ந்து மிதந்தால் நல்லது. அது சாய்ந்து பாதி மூழ்கி, பின்னால் நுரைக்கோடு இழுத்தால், அன்றைக்குத் தூண்டிலோடு திரும்பி வருவதே சரி.

இடைப்பட்ட வேகத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீரோட்டம் நொடிக்கு 1 மீட்டர் என்றால், 28 மீட்டர் இறங்க எடுக்கும் ஒன்றரை நிமிடத்தில் நீங்கள் 90 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். ஆகவே மிதவைக்கு நேர் மேலே குதித்தால் திட்டைக் காணாமலேயே கடந்துபோவீர்கள். நீரோட்டம் வரும் திசையில் நூறு மீட்டருக்கும் மேலாகத் தள்ளி, மிதப்பு உடுப்பில் காற்று இல்லாமல் குதித்து, நேரே கீழே போக வேண்டும். திரும்பி ஏறும்போது, மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தையும் சேர்த்து ஏழு நிமிடம் ஆகும் என்று வைத்தால், அதற்குள் 420 மீட்டர் போய்விடுவீர்கள். படகு உங்களைத் தவறவிட்டு ஒரு மணி நேரம் தேடினால் அந்தத் தொலைவு மூன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டும்.

இதனால்தான் படகை நங்கூரம் போட்டு நிறுத்திவைக்கக் கூடாது என்கிறேன். உங்களில் ஒருவர் ரீலில் கட்டிய மேற்பரப்பு மிதவையை முதலிலிருந்து கடைசிவரை கையில் பிடித்திருக்க, படகு இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில், பாதுகாப்பான இடைவெளி விட்டு அந்த மிதவையைப் பின்தொடர வேண்டும். நீலமும் வெள்ளையுமான ஆல்ஃபா கொடி படகில் பறக்கட்டும். இருவரிடமும் தனித்தனியே ஊதி நிமிர்த்தும் மிதவை, விசில், கண்ணாடி ஆகியவை இருக்கட்டும். மாமா தேர்ந்த மீனவராக இருப்பார். ஆனால் முக்குளிப்பவர்களைப் பின்தொடர்வதும், அவர்களை ஏற்றும்போது இயந்திரத்தை நிறுத்துவதும் தனிப் பழக்கம். முக்குளிப்புப் படகு ஓட்டிப் பழகிய ஒருவரை முதல் தடவையாவது அவருடன் ஏற்றிக்கொள்ளும்படி வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கீழே இருக்கும்போது படகிலிருந்து எவரும் தூண்டில் போடக் கூடாது என்பதையும் அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தூண்டிலில் மாட்டித் துடிக்கும் மீனும் தண்ணீரில் கலக்கும் இரத்தமும் ஸாம்பேசி சுறாக்களை இழுக்கும். பக்கத்தில் வேறு படகுகள் மீன் பிடித்துக்கொண்டிருந்தாலும் இறங்க வேண்டாம்.

அடுத்தது காற்றுக் கணக்கு. உருளையில் 50 பார் அழுத்தம் மிஞ்சும்போது மேலே வந்தால் போதும் என்ற பழக்கம் இந்த ஆழத்துக்குப் போதாது. 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு. தம்பியின் உருளை அங்கே பழுதாகி இருவரும் உங்கள் உருளையிலிருந்தே மூச்சுவிட வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். பதற்றத்தில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் வீதம் இருவருக்கு 60 லிட்டர். நிலைமையைச் சமாளிக்க அடியில் ஒரு நிமிடத்துக்கு 240 லிட்டர். ஏறுவதற்குத் தாராளமாக நான்கு நிமிடம் வைத்தால், சராசரி அழுத்தத்தில் 600 லிட்டர். 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தத்துக்கு 270 லிட்டர். ஆக 1,110 லிட்டர். 12 லிட்டர் உருளையில் இது 92 பாருக்கும் சற்று மேல். எனவே உங்கள் இருவரில் எவருடைய அளவுமானி 95 பாரைத் தொட்டாலும் அந்தக் கணமே இருவரும் ஏறத் தொடங்க வேண்டும்.

200 பாரில் தொடங்கி, அமைதியாக மூச்சுவிடும் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் எடுப்பதாகக் கொண்டால், அடியில் உங்களுக்குக் கிடைப்பது 14 நிமிடம்தான். 30 மீட்டருக்கு முக்குளிப்புப் பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) அட்டவணை தரும் நிறுத்தமில்லா வரம்பு, அதாவது ஏறும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்படாத நேரம், 20 நிமிடம். காற்று அதற்கு முன்னரே முடிவைச் சொல்லிவிடுகிறது. 15 லிட்டர் உருளை எடுத்தால் அந்த நிலை மாறி, நேர வரம்பு முந்திக்கொள்ளும். ஆக்சிஜன் கூடுதலாகச் சேர்த்த நைட்ராக்ஸ் கலவையை எடுக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 32 விழுக்காட்டுக் கலவையை 1.4 பார் ஆக்சிஜன் அழுத்தத்துக்குள் வைக்க 33 மீட்டர்தான் எல்லை, உங்கள் திட்டின் அடிவாரமோ 36 மீட்டர். எந்தக் கலவையானாலும் உங்கள் சான்றிதழின் எல்லை 30 மீட்டர் என்பதால், உச்சியோடு நின்றுவிடுங்கள். சரிவின் ஓரத்தில் ஒரு பெரிய மீன் தெரிந்து அதைப் பின்தொடர்ந்தவர் தம்மை அறியாமலேயே ஐந்தாறு மீட்டர் கீழே போய்விடுவது மிகவும் சாதாரணமாக நடக்கும்.

கோடை மழையில் ஆறுகள் கொண்டுவரும் செம்மண் நீர் தெளிவைக் கெடுத்துவிடும். குளிர்கால மாதங்களில் பொதுவாகத் தண்ணீர் தெளிவு. அந்தக் காலத்தில் திமிங்கிலங்களும் வரும். அனுமதியின்றி அவற்றை 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. தென்மேற்குக் காற்று அகுல்யாஸை எதிர்த்து வீசும் நாளில் அலை செங்குத்தாக எழும் என்பதால், அந்தக் காற்று வருவதாக முன்னறிவிப்பு இருந்தாலே கரையில் இருந்துவிடுங்கள். படகில் மருத்துவ ஆக்சிஜன் இருக்கட்டும். தேசியக் கடல் மீட்பு நிறுவனமான என்.எஸ்.ஆர்.ஐ.யின் அவசர எண்ணும், முக்குளிப்பவர்களுக்கு மருத்துவ உதவி தரும் டான் (DAN) அமைப்பின் அவசர எண்ணும் படகிலும் கரையிலும் எழுதப்பட்டிருக்கட்டும். எத்தனை மணிக்குத் திரும்பாவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பதைக் கரையிலுள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இவ்வளவுக்கும் முன்னதாக, 1974இல் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) ஏற்றிச் சென்று அலிவால் ஷோலில் மோதி மூழ்கிய புரொட்யூஸ் கப்பலில் இருவரும் ஒரு முறை முக்குளித்துப் பாருங்கள். அது கிடப்பதும் சுமார் 30 மீட்டர் ஆழத்தில்தான். 95 பார் விதியை அங்கே கடைப்பிடித்து, நிமிடத்துக்கு எவ்வளவு காற்று எடுக்கிறீர்கள் என்பதை அளந்து, நான் மேலே போட்ட கணக்கில் என் 20 லிட்டருக்குப் பதிலாக உங்கள் எண்ணை வைத்து மறுபடி போடுங்கள்.

கேள்வி: ஞாயிறு காலை தென்கரையில் இரண்டு முறை முக்குளித்துவிட்டு அன்று மாலையே காரில் ஜோகனஸ்பர்க் பக்கமுள்ள லெனேசியா திரும்புவது எங்கள் வழக்கம். விமானத்தில் ஏறக் கூடாது என்று தெரியும். காரில் போவதால் என்ன? — வாசகி, லெனேசியா

பதில்: முக்குளித்தபின் உடம்பில் தங்கி, வெளி அழுத்தம் குறைந்தால் குமிழியாகும் நைட்ரஜனுக்குக் காரும் விமானமும் ஒன்றுதான், அது அறிவது வெளிக்காற்றின் அழுத்தத்தை மட்டுமே. என்-3 சாலை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலேயே 600 மீட்டரைத் தாண்டி, வான் ரீனன் கணவாயில் 1,600 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. ஜோகனஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தை ஒட்டியது. விமானப் பயணத்துக்கு டான் கூறும் வழிகாட்டுதல் சுமார் 600 மீட்டரிலிருந்தே பொருந்தும்: நிறுத்தமில்லா வரம்புக்குள் ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல முறையோ பல நாள்களோ என்றால் குறைந்தது 18 மணி நேரம். உங்கள் வழக்கப்படி திங்கள் காலையில்தான் கிளம்பலாம். அது முடியாதென்றால் சனிக்கிழமையோடு முக்குளிப்பை முடித்துக்கொண்டு, ஞாயிறன்று கடற்கரையில் பிள்ளைகளோடு இருங்கள். வழியில் மூட்டுவலியோ மரத்துப்போதலோ தெரிந்தால் மேலும் ஏறாமல் நிறுத்தி, டான் அவசர எண்ணை அழையுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, ஜூனியர் ஓப்பன் வாட்டர் என்னும் சிறுவர் முக்குளிப்புச் சான்றிதழ் பெற்றிருக்கிறாள். அவளையும் 28 மீட்டர் ஆழத் திட்டு ஒன்றுக்கு அழைத்துப் போகலாமா? — வாசகர், அம்கோமாஸ்

பதில்: கூடாது. 12 முதல் 14 வயது வரை அந்தச் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. அதுவும் சான்றிதழ் பெற்ற பெரியவர் துணையோடு. அலிவாலின் ஆழம் குறைந்த பகுதிகளில், அமைதியான நாளில், இரண்டு மூன்று பருவங்கள் உங்களோடு முக்குளிக்கட்டும்.