மூணு சக்கரம் போதாதா?

கேள்வி: எனக்கு வயது 39, வங்கி வேலை. பன்னிரண்டு வருடமாக 1/35 அளவில் ராணுவ டாங்கி மாடல்கள் செய்துவருகிறேன். ஜெர்மன் டைகர் டாங்கி ஒன்று எட்டு மாதமாகப் பாதியில் கிடக்கிறது. மேசையில் உட்கார்ந்தாலே எரிச்சல் வருகிறது. வேறு வகைக் கிட் செய்து பார்த்தால் சலிப்பு போகும் என்கிறார்கள். எதை வாங்கலாம்? வீட்டிலும் நிம்மதி இல்லை. அம்பாசமுத்திரத்தில் கடசல் பட்டறை (மரக்கட்டையைச் சுற்றவிட்டு உளியால் கடைகிற இடம்) வைத்திருந்த அப்பா, தோள்வலியால் அதை விட்டுவிட்டு எங்களோடு இருக்கிறார். உளிகளைக்கூடச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டாயிற்று. அவ்வப்போது என் அறைக்குள் வந்து, "எதுக்குல இம்புட்டுச் சக்கரம்? மூணு போதாதா?" என்று கிண்டல் செய்கிறார்.

- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கிட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அது சின்ன விஷயம். முதலில் வந்த ரக டைகருக்குப் பக்கத்துக்கு 8 அச்சு, அச்சுக்கு 3 சக்கரம். ஆக மொத்தம் 48. சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற டிராக்கைத் துண்டு துண்டாகக் கோர்க்கிற கிட் என்றால் பக்கத்துக்கு 96 கண்ணி வேறு. ஒவ்வொரு சக்கரத்திலும் வார்ப்புக் கோட்டைச் சுரண்டி, ரப்பர் விளிம்புக்குத் தனியாகப் பெயின்ட் அடித்து, காயவைத்து, திரும்ப அடுத்தது. முப்பதாவது சக்கரத்தில் எரிச்சல் வராவிட்டால்தான் ஆச்சரியம். பண்டாய் கம்பெனியின் குண்டம் ரோபோ ஒன்று வாங்குங்கள். பசை வேண்டாம், பெயின்டும் வேண்டாம். பிளாஸ்டிக்கே நிறத்தோடு வருகிறது. நிப்பர் என்கிற சின்ன வெட்டுக் குறடால் நறுக்கி அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். சின்ன ரகம் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். இல்லையென்றால் 1/72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானம். இறக்கை நுனிக்கு நுனி ஒரு சாண்கூட இராது. அதற்கும் மூன்று சக்கரம்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது உங்கள் அப்பாவுக்கு வருவோம்.

கிண்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அம்பாசமுத்திரத்துக் கடசல்காரர் மூன்று சக்கரம் என்று எதைச் சொல்வார்? நடைவண்டியைத்தானே! ஊரெல்லாம் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நடந்த வண்டிக்குச் சக்கரம் கடைந்த மனிதர், உங்கள் மேசையில் அத்தனை சக்கரத்தைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்குமா? டாங்கி அவருக்குத் தெரியாது. ஜெர்மனி தெரியாது. சக்கரம் தெரியும். தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் பேச வந்திருக்கிறார். அதுவும் ஒரு தடவை இல்லை, "அவ்வப்போது". நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

டைகர் டாங்கிக்கு எத்தனை அச்சு என்று தெரிந்த உங்களுக்கு, உங்கள் அப்பா நடைவண்டிச் சக்கரத்துக்கு எந்த உளியை எடுப்பார் என்று தெரியுமா? பெற்றவரின் தொழிலைப் பிள்ளை செய்தே தீரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளவாவது வேண்டும், அது கடமை. பழைய பஞ்சாங்கம் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள். என் அம்மா பனை ஓலைப்பெட்டி முடைவாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை, எனக்குப் படிப்பு இருந்ததாம். இப்போது அதே பெட்டியைக் காசு கொடுத்து வாங்கி, விளிம்பு மடித்திருப்பது சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏர்பிரஷ்ஷில் மூன்று பூச்சு அடித்து, ஒவ்வொன்றும் காயும்வரை தூசி விழாமல் காவல் காக்கிறீர்கள். அவர் வேலையில் பிரஷ்ஷே கிடையாது. சுற்றுகிற கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்துவார். உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். சிவப்பு வளையத்தை அடுத்துப் பச்சை வளையம், மாஸ்கிங் டேப் இல்லாமல், கை நிதானத்தில் மட்டும். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்க, சலிப்புக்கு மருந்து என்ன என்று எனக்குத் தபால் அனுப்புகிறீர்கள்.

ரோபோவை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு நடைவண்டி. டைகரை மூடிவைத்துவிட்டு அப்பாவிடம் போய், "மூணு சக்கரத்துல ஒண்ணு செய்யலாமாப்பா?" என்று கேளுங்கள். முதலில் முறுக்கிக்கொள்வார். அப்புறம் மஞ்சக்கடம்பு மரம் இப்போ எங்கே கிடைக்கும் என்று அவரே ஆரம்பிப்பார். பட்டறை இல்லையே என்று யோசிக்க வேண்டாம். யாருடைய பட்டறை இன்னும் ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தோள் வலிக்கிறவரைக் கடையச் சொல்லாதீர்கள். அவர் ஸ்டூல் போட்டு உட்காரட்டும், உளி உங்கள் கையில் இருக்கட்டும். முதல் சக்கரம் கோணும். திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியைப் பிடித்து நடக்க யாருமில்லையே என்றால், உங்கள் தெருவில் எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருக்கும்.

வருகிற ஞாயிறு அம்பாசமுத்திரம் போக, திருநெல்வேலி ஜங்ஷனில் காலை செங்கோட்டை ரயிலைப் பிடியுங்கள். அவருக்கு ஜன்னல் சீட். பரணில் இருக்கிற உளிச்சாக்கை நீங்கள் தூக்குங்கள்.