மறுமொழி: குளிர் வந்த பிறகும் தீ எச்சரிக்கை ஏன்?

கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவில் உங்களுக்கு முதல் அக்டோபர். காலையில் ஸ்வெட்டர் போடுகிற குளிர், அப்புறம் எதற்கு ரெட் ஃபிளாக் எச்சரிக்கை (தீ வேகமாகப் பரவக்கூடிய வானிலை என்ற அறிவிப்பு), சனிக்கிழமை பார்பிக்யூ போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், தள்ளிப்போடுங்கள்.

வெயிலை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அங்கே கோடை முழுக்க மழை அநேகமாக இல்லை. புல்லும் புதரும் இப்போதுதான் சருகாகக் கிடக்கும். அந்த நேரம் பார்த்து நெவாடா பக்கத்து உயர் காற்றழுத்தப் பகுதியிலிருந்து டயாப்லோ காற்று கிளம்பி மலையிறங்கும். இறங்க இறங்க அழுந்திச் சூடேறும், ஈரப்பதம் சரிந்துவிடும். இரவிலும் ஓயாது. 2017 அக்டோபரில் உங்கள் ஊரின் பல தெருக்களைச் சாம்பலாக்கிய தீயை விரட்டி வந்தது இதே காற்றுதான். அதே மாநிலத்தின் பாரடைஸ் என்ற ஊர் எரிந்ததோ நவம்பரில், 2018இல். 85 பேர் இறந்தார்கள்.

நல்ல மழை ஒன்று பெய்யும்வரை இப்படித்தான். கூரையோர மழைநீர் வடிகாலில் சேர்ந்த இலைகளை இன்றே அள்ளிவிடுங்கள், பறந்து வரும் தீப்பொறிக்கு அது போதும்.