பக் கண்ணில் படவில்லையா? ஆட்களைப் பாருங்கள்

கேள்வி: வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கில் ஐஸ் ஹாக்கி பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். பக் எங்கே போகிறது என்றே தெரிவதில்லை. கோல் விழுந்து எல்லோரும் கையைத் தூக்கிய பிறகுதான் புரிகிறது. எதற்கு விசில் ஊதுகிறார்கள் என்பதும் பிடிபடவில்லை. ஒவ்வொரு அணிக்கும் ஒரு சீசனில் 80 ஆட்டங்களுக்கு மேல் இருக்கின்றன. எங்கே தொடங்குவது, எந்த அணியைப் பின்தொடர்வது?

பதில்: பக் தெரியாதது உங்கள் கண்ணின் குறை இல்லை. 3 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள ரப்பர் வட்டு அது. ஓங்கி அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 1996இல் பக்குக்குள் மின்னணுக் கருவியைப் பொருத்தி, திரையில் அதைச் சுற்றி நீல ஒளி தெரியும்படி காட்டியது. பழைய ரசிகர்கள் அதை வெறுத்தார்கள். 1998க்குப் பிறகு அது கைவிடப்பட்டது. அவர்களுக்கு அந்த ஒளி தேவைப்படவும் இல்லை, ஏனென்றால் பழகிய ரசிகர்கள் பக்கைத் தேடுவதில்லை, ஆட்களைத்தான் பார்க்கிறார்கள்.

நீங்களும் அப்படியே தொடங்குங்கள். பக்கைத் தவறவிட்டால் கோல்கீப்பரைப் பாருங்கள். அவருடைய மார்பு எப்போதும் பக் இருக்கும் திசையை நோக்கியே இருக்கும். அவர் சட்டென்று ஒரு பக்கமாக நகர்ந்தால், பக் குறுக்கே பாஸ் ஆகியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, பெஞ்சைக் கவனியுங்கள். பனித்தளத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர்: மூன்று ஃபார்வர்டு, இரண்டு டிஃபென்ஸ், ஒரு கோல்கீப்பர். கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் ஒரு நேரத்தில் சுமார் 45 விநாடிதான் ஆடுவார்கள். அதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியேறி, அடுத்தவர்கள் உள்ளே குதிப்பார்கள். நடுக்கோட்டைத் தாண்டிய ஒருவர் பக்கை எதிரணியின் மூலைக்கு அடித்துவிட்டு, அதைத் துரத்தாமல் பெஞ்சுக்குத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் இருந்த பக்கை வீணாக்கிவிட்டாரே என்று தோன்றும். உண்மையில் ஆள் மாற்ற அவகாசம் வாங்குகிறார்.

இது புரிந்தால் விசில்களும் புரியும். பெரும்பாலும் குழப்புபவை இரண்டுதான். ஒன்று ஆஃப்சைடு. கால்பந்தில் ஆஃப்சைடுக்கு எதிரணியின் தடுப்பாட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பார்கள். இங்கே கோடுதான் கணக்கு. எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டைப் பக் தாண்டும் முன் தாக்கும் அணியில் யாரும் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று ஐசிங். நடுக்கோட்டுக்குத் தன் பக்கத்திலிருந்து அடித்த பக், யார் மீதும் படாமல் எதிரணியின் கோல்கோட்டைத் தாண்டிப் போனால் விசில். ஃபேஸ்ஆஃப் (இரு அணியிலும் ஒவ்வொருவருக்கு நடுவே பக்கைப் போட்டு ஆட்டத்தை மீண்டும் தொடங்குவது) அடித்தவரின் பகுதியிலேயே நடக்கும். இதில் முக்கியமான தண்டனை ஒன்று இருக்கிறது. 2005 முதல், ஐசிங் செய்த அணி அந்த இடைவேளையில் ஆள் மாற்ற முடியாது. எதிரணி புதியவர்களை இறக்கலாம். களைத்துப்போன ஐந்து பேர் புத்துணர்ச்சியோடு வந்த ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டும். ஐசிங் விசில் கேட்டதும் வேறு வேலை பார்க்கப் போய்விடாதீர்கள். அடுத்த அரை நிமிடம் பார்க்க வேண்டிய அரை நிமிடம்.

அப்புறம் பவர் பிளே. புதியவர்கள் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. ஒருவர் எதிரியைத் தடுக்கி விழவைத்தாலோ ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுத்தாலோ இரண்டு நிமிடம் தனியே உட்கார வேண்டும். அதுவரை நான்கு பேருக்கு எதிராக ஐந்து பேர். தாக்கும் அணி எதிரணியின் பகுதியில் நிலைகொண்டு பக்கைப் பொறுமையாகச் சுற்றவிடும். தடுக்கும் நால்வர் பெரும்பாலும் சதுரமாக நிற்பார்கள். அந்தச் சதுரத்தைக் கலைத்து, குறுக்கே ஒரு பாஸ் கொடுத்து, கோல்கீப்பர் நகர்ந்து முடிக்கும் முன் அடிக்க வேண்டும். ஆட்டத்தின் வேகம் சற்றுக் குறைவதால் உங்கள் கண்ணுக்கும் பக் பிடிபடும். வாஷிங்டன் அணியின் அலெக்ஸாண்டர் ஒவெச்கின் இருபது ஆண்டுகளாக இடது பக்க ஃபேஸ்ஆஃப் வட்டத்தில் நின்று அந்தப் பாஸுக்காகவே காத்திருந்தார். எல்லோருக்கும் தெரிந்தும் யாராலும் தடுக்க முடியவில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று முன்னாள் வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையை அவர் தாண்டிய 895ஆவது கோலும் பவர் பிளேயில் விழுந்ததுதான்.

ஆனாலும் ஒவ்வொரு பவர் பிளேயிலும் கோலை எதிர்பார்க்காதீர்கள். ஐந்தில் ஒன்று விழுந்தால் அது வழக்கமான கணக்கு. கோல் விழுந்தால் இரண்டு நிமிடத் தண்டனை அத்தோடு முடிந்துவிடும். ஐந்து நிமிடப் பெரிய தண்டனைக்கு அந்தச் சலுகை இல்லை. ஆள் குறைந்த அணி பக்கை எவ்வளவு தூரம் அடித்தாலும் ஐசிங் கிடையாது. கைகலப்பில் இருவரும் ஐந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் யாருக்கும் பவர் பிளே கிடைக்காது.

புள்ளிப் பட்டியலைப் பற்றிச் சுருக்கமாக: வெற்றிக்கு 2 புள்ளி, 60 நிமிடத்துக்குள் தோற்றால் 0, ஓவர்டைமிலோ ஷூட்அவுட்டிலோ (ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்த்து அடிப்பது) தோற்றால் 1. அதனால் வெற்றி எண்ணிக்கையை மட்டும் பார்த்து அணியை எடைபோட வேண்டாம். சீசன் ஆட்டங்களின் ஓவர்டைம் ஐந்து நிமிடம், மூவருக்கு மூவர். தளம் காலியாக இருப்பதால் நேருக்கு நேர் ஓட்டம்தான். நேரம் இல்லாத நாளில் இதை மட்டும் பார்த்தாலும் நல்லது.

இனி அணி. 32 அணிகளையும் தெரிந்துகொள்ள முயலாதீர்கள், சலித்துப்போகும். ஒரு வீரரைப் பிடித்துக்கொண்டு அவர் வழியாக அணிக்குள் போங்கள். வேகம் பிடிக்கும் என்றால் எட்மன்டனின் கானர் மெக்டேவிட். 2024இல் அவர் அணி இறுதிச் சுற்றில் தோற்றும் பிளேஆஃபின் (சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) சிறந்த வீரர் விருது அவருக்கே கிடைத்தது. டிஃபென்ஸில் நின்றுகொண்டே தாக்குதலை எப்படி நடத்துவது என்று பார்க்க ஆசையா? கொலராடோவின் கேல் மகார். வரலாறு இழுக்கிறது என்றால் லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை 24 முறை வென்ற மான்ட்ரியல். கடைசியாக அவர்கள் வென்றது 1993இல். அதற்குப் பிறகு 2025 வரை எந்தக் கனடிய அணியும் வெல்லவில்லை.

தேர்ந்தெடுத்த அணியின் ஆட்டத்தை வாரம் ஒன்று முழுதாகப் பாருங்கள், மீதிக்குச் சில நிமிடத் தொகுப்பு போதும். புள்ளிவிவரங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒன்று மட்டும் வேண்டுமென்றால் கோல்கீப்பரின் தடுப்பு விகிதம்: நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டியதுதான் சராசரி, 92 என்றால் அவர் அணியைத் தாங்குகிறார்.

ஏப்ரலில் பிளேஆஃப் தொடங்கும்போது பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். 16 அணிகள், நான்கு சுற்றுகள், ஒவ்வொன்றும் ஏழில் நான்கு வெல்லும் தொடர். ஆட்டங்களைத் தாவித் தாவிப் பார்க்காமல், ஒரு தொடரை முதல் ஆட்டத்திலிருந்து கடைசி வரை பாருங்கள். யார் யார் மீது கோபமாக இருக்கிறார்கள், எந்த வரிசையை (சேர்ந்து இறங்கும் மூன்று ஃபார்வர்டுகளை) எதற்கு எதிராகப் பயிற்சியாளர் இறக்குகிறார் என்பதெல்லாம் மூன்றாவது ஆட்டத்துக்குள் தெரிந்துவிடும். இங்கே ஷூட்அவுட் கிடையாது. கோல் விழும்வரை 20 நிமிட ஓவர்டைம்கள் தொடரும். 1936இல் டெட்ராய்டும் மான்ட்ரியல் மரூன்ஸும் ஆறாவது ஓவர்டைம் வரை ஆடியிருக்கிறார்கள். ஆட்டத்தின் மூன்றாவதும் கடைசியுமான 20 நிமிடப் பகுதி சமநிலையில் முடிந்தால், உங்கள் அடுத்த வேலையைத் தள்ளிவைத்துவிடுங்கள்.