பழைய டீசல் டிரக்கில் டிரெய்லர் இழுக்கப் பெரிய டர்போ போடலாமா?

1996 ஃபோர்டு எஃப்-350, 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சின். டிரெய்லரோடு ஏற்றத்தில் திணறுகிறது என்கிறீர்கள். டர்போ என்பது எக்சாஸ்ட் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் கருவி. பெரிய டர்போவுக்கு அவசரப்படாதீர்கள். அதன் சக்கரம் வேகமெடுக்க நேரமாகும். பாரம் இழுப்பவருக்கோ நிமிடத்துக்கு 1,800 சுற்றிலேயே காற்று வேண்டும். அதுவரை டீசல் சரியாக எரியாமல் கரும்புகைதான் வரும்.

உங்கள் வண்டியின் உண்மையான குறை வேறு. 1994-97 மாடல்களில், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரே கிடையாது! டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்று அப்படியே உள்ளே போகிறது. சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு. 1999 மாடலில்தான் ஃபோர்டு இன்டர்கூலரைச் சேர்த்தது. ஆகவே முதலில் இன்டர்கூலர் பொருத்துங்கள். அதற்கும் முன்னால், டர்போவுக்கு முந்தைய எக்சாஸ்ட் குழாயில் ஒரு வெப்பமானி வையுங்கள். நீண்ட ஏற்றத்தில் முள் 675 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கியரைக் குறைத்து, ஆக்சிலரேட்டரைத் தளர்த்துங்கள். அலுமினிய பிஸ்டன்கள் அதற்கு மேல் நெடுநேரம் தாங்குவதில்லை.