ட்ரோன் கேள்வி-பதில்: 35 சதவீதம் காட்டிய பேட்டரி ஏன் கைவிட்டது?

பேட்டரி 35 சதவீதம் இருந்தது. திடீரென்று மின்னழுத்தம் குறைவு என்று எச்சரிக்கை வந்து, ட்ரோன் தானாக இறங்கிவிட்டது. நல்ல வேளை, கீழே புல்தரை. பேட்டரி பொய் சொல்கிறதா? – பொங்கோல் வாசகர்

பொய் இல்லை, கணக்குப் பிசகு. திரையில் தெரியும் சதவீதம், உள்ளே போன மின்சாரம் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று ஒரு சில்லு போட்டுப் பார்க்கும் ஊகம்தான். அளந்து சொல்வது மின்னழுத்தம். பேட்டரிக்குள் செல் என்ற சிறு மின்கலங்கள் சில இருக்கும். சாதாரண லித்தியம் பாலிமர் செல் முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட் காட்டும். பறக்கும்போது 3.5க்குக் கீழே போனால் வீடு திரும்பும் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

பேட்டரிக்கு வயதாக ஆக உள்மின்தடை, அதாவது மின்சாரம் வெளியே வர உள்ளேயே ஏற்படும் எதிர்ப்பு, கூடும். கடலோரக் காற்றை எதிர்த்து மோட்டார்கள் பலமாக இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரியும். செல்கள் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒன்று சோர்ந்தாலே போதும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றது என்ன செய்யும்?

செயலியில் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் காட்டும் வசதி இருந்தால் அதைப் பாருங்கள். பறக்கும்போது செல்களுக்குள் 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் அடிக்கடி வந்தால், நானாக இருந்தால் அந்தப் பேட்டரிக்கு ஓய்வு கொடுத்துவிடுவேன். முழுதாக சார்ஜ் செய்து வாரக்கணக்கில் அலமாரியில் வைப்பதும், வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போவதும் வேண்டாம். நம் சிங்கப்பூர் வெக்கைக்கு இரண்டுமே பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

விலை உயர்ந்த ட்ரோன்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2018 அக்டோபரில் டிஜேஐ நிறுவனத்தின் மேட்ரிஸ் 200 வரிசை ட்ரோன்களில் பயன்படும் டிபி50, டிபி55 பேட்டரிகளைப் பற்றி பிரிட்டிஷ் விமானத் துறை எச்சரிக்கை விடுத்தது. போதுமான சார்ஜ் இருப்பதாகக் காட்டியபடியே நடுவானில் மின்சாரம் மொத்தமாகப் போய்விட்டதுதான் காரணம். பிறகு மென்பொருள் புதுப்பிப்பு வந்தது. உங்கள் மாடலுக்கும் அப்படி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பக்கத்து புளோக் தம்பியின் ட்ரோன் விழுந்து என் கார் கண்ணாடி உடைந்தது. "பேட்டரி கோளாறு அங்கிள், என் தப்பு இல்லை" என்கிறார். எப்படி நம்புவது? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

நம்பவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். ட்ரோனின் பறப்புப் பதிவைக் கேளுங்கள்.

பெரும்பாலான ட்ரோன்கள் பறந்த ஒவ்வொரு நொடியையும் குறித்து வைக்கும்: மின்னழுத்தம், இருந்த இடம், அவர் விரல் எந்தப் பக்கம் தள்ளியது, எந்த எச்சரிக்கை எப்போது வந்தது. செயலியில் ஒரு பிரதி, ட்ரோனுக்குள் இன்னொன்று. மின்னழுத்தம் மெல்லக் குறைந்து, எச்சரிக்கை ஒலித்தபடி இருக்க அவர் தொடர்ந்து பறந்திருந்தால், பழியைப் பேட்டரி மேல் போட முடியாது. எல்லாம் சரியாக இருந்து பதிவு நடுவானில் சட்டென்று அறுந்திருந்தால், அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். அதிலும் ஒரு சந்தேகம் பாக்கி: பேட்டரி சரியாகப் பூட்டப்பட்டிருந்ததா? மின்னழுத்தம் நன்றாக இருந்து ட்ரோன் மட்டும் சுழன்று விழுந்திருந்தால், இறக்கையையோ மோட்டாரையோ பாருங்கள்.

2019 டிசம்பரில் இங்கிலாந்தின் வால்ஸெண்டில் அளவைப் பணியில் இருந்த ட்ரோன் ஒன்று வீட்டுக் கூரையில் மோதித் தோட்டத்தில் விழுந்தது. ஜிபிஎஸ், திசைகாட்டிக் கோளாறால் அது ஓரிடத்தில் நிற்கும் திறனை இழந்து, காற்று தள்ளிய பக்கம் போயிருக்கிறது என்று விசாரணையில் தெரிந்தது. அதனால் "பேட்டரிதான்" என்ற முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

அந்தத் தம்பி செயலியை அழிக்கவோ மென்பொருளைப் புதுப்பிக்கவோ கூடாது. பதிவை நகலெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த இடம், கண்ணாடி, பேட்டரி கிடந்த நிலை, ட்ரோனில் ஒட்டிய பதிவு எண் வில்லை எல்லாவற்றையும் படம் எடுங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைச் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்யாமல் பறக்க விட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போலீஸ் புகாரும் கொடுத்துவிடுங்கள்.

பணம் பேசித் தீரவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். அதற்கு முன் உங்கள் கார் காப்புறுதியில் முன்கண்ணாடி அடங்குமா என்று பாருங்கள். பல நேரம் அதுவே குறுக்கு வழி.

சார்ஜ் குறைந்தால் ட்ரோன் தானாகத் திரும்பும்தானே? கவலைப்பட வேண்டுமா? – தோ பாயோ வாசகர்

திரும்பும். ஆனால் எந்த உயரத்தில்? அனுமதி இல்லாமல் கடல் மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேல், அதாவது சுமார் 60 மீட்டருக்கு மேல், பறக்கக் கூடாது. 25 மாடி புளோக்கே 70 மீட்டரைத் தொடும். டக்ஸ்டனில் உள்ள 50 மாடி பினக்கிள் 156 மீட்டர். தடையைக் கண்டு விலகும் வசதி இல்லாத ட்ரோன் நேர்கோட்டில் வந்து யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலில் முட்டும். உங்களுக்கும் ட்ரோனுக்கும் நடுவே கட்டடம் வராத இடத்தில் மட்டும் பறக்க விடுங்கள். முதல் எச்சரிக்கையிலேயே கையால் ஓட்டிக்கொண்டு வாருங்கள். அந்த 200 அடி அளவு தரையிலிருந்து அல்ல, கடல் மட்டத்திலிருந்து என்பதையும் மறக்காதீர்கள். புக்கிட் தீமா உச்சியில் நின்றாலே நீங்கள் 160 மீட்டரைத் தாண்டிவிட்டீர்கள்!

பேட்டரி லேசாக உப்பியிருக்கிறது. இன்னும் ஒரு முறை? – ஈசூன் வாசகர்

வேண்டாம். அரை முறையும் வேண்டாம். சார்ஜ் போடாமல், தீப்பிடிக்கும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். குப்பைச் சரிவில் போடக் கூடாது.

ஊரில் தங்கை கல்யாணம். ட்ரோனைச் சென்னைக்கு எடுத்துப் போகலாமா? – உட்லண்ட்ஸ் வாசகர்

உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், முனைகளில் டேப் ஒட்டி. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை என்றால் சிக்கல் இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அது சின்ன விஷயம். பெரிய விஷயம், 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்குத்தான் விலக்கு. சுங்கத்தில் பறிகொடுத்துவிட்டு மண்டபத்துக்குப் போக வேண்டாம். கல்யாண வீடியோக்காரரிடம் கேளுங்கள், அவரிடமே ஒன்று இருக்கும்.